ஆறு பிஸ்டனும் ஒரு பலகையும்

ஆனையிறவு நடுவில் பஸ் நின்றுவிட்டது. ரேடியேட்டர் குழாய் பிளந்து, டிரைவரின் காலடியிலிருந்து ஆவி கிளம்பியது. சாலைக்கு இரண்டு பக்கமும் தண்ணீர்தான், ஆனால் அத்தனையும் உப்பு. பயணிகள் ஒவ்வொருவராகத் தங்கள் குடிதண்ணீர்ப் பாட்டிலை முன்னால் கொடுத்தனுப்பினார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. எங்கள் கோயம்புத்தூராக இருந்திருந்தால் இந்நேரம் கண்டக்டரின் ஏழு தலைமுறையும் சந்திக்கு வந்திருக்கும்.

எனக்கு முன் இருக்கையில் இரண்டு இளம் சிப்பாய்கள் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஆசிரியை ஒருவர் எனக்குத் தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார்: “இங்க காத்துக்கூட உப்பாக் கிடக்கு எண்டு ஒருத்தன் சொல்லுறான். லீவு முடிஞ்சு வாறவனுக்கு எல்லா ஊரும் உப்புத்தான் எண்டு மற்றவன் சொல்லுறான்.” சிரிக்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

நான் கோவையில் பிஸ்டன் ரிங் வார்க்கிறவன். சின்னப் பட்டறை. சம்சாரத்துக்குப் பிடிக்காத பைத்தியம் ஒன்று எனக்கு உண்டு: எதிரெதிர் பிஸ்டன் வைத்த இரண்டு ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின். அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. இணையத்தில் பழைய எஞ்சின் ஆட்கள் கூடுகிற குழு ஒன்றில், கிளிநொச்சி மாவட்டம் கண்டாவளையிலிருந்து குகன் என்பவர் ஒரு படம் போட்டார். மண் அப்பிய இரும்புக்கட்டி. கீழே ஒரு கேள்வி: “இது என்ன எஞ்சின்? ஹெட்டைக் காணேல்லை.” எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

சாதாரண எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு ஒரு பிஸ்டன், மேலே ஒரு மூடி. அந்த மூடிதான் ஹெட். இந்த எஞ்சினில் மூடி கிடையாது. ஒரே குழாய்க்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பிஸ்டன்கள் பாய்ந்து வந்து, முட்டிக்கொள்ளாமல் நிற்கும். நடுவில் டீசல் வெடித்து இரண்டையும் விரட்டும். வால்வும் கிடையாது. ஒரு முனையில் உள்ள துவாரங்கள் வழியாகக் காற்று நுழையும், மறுமுனைத் துவாரங்கள் வழியாகப் புகை போகும். தாளில் வரைந்து பார்த்தால் இவ்வளவு அழகான எஞ்சின் உலகத்தில் வேறு இல்லை. தாளில் மட்டும்தான்.

பஸ் ஒருவழியாக நகர்ந்து, பரந்தன் சந்தியில் இறங்கினேன். குகன் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். ஐம்பதை நெருங்கும் மனிதர், உழவு இயந்திரம் திருத்துகிறவர், சிக்கனமாகப் பேசுகிறவர். படம் அவருடையது. எஞ்சின் அவருடைய அக்காவுடையது.

அக்கா திலகவதி வாசலில் நின்றார். அறுபதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. நான் வணக்கம் சொல்லிக்கொண்டே கண்ணால் எஞ்சினைத் தேடியதைக் கண்டுபிடித்துவிட்டார். “முதல் தேத்தண்ணி குடியுங்கோ அண்ணை. அது எங்கையும் ஓடிப்போகாது. பதினைஞ்சு வருசத்துக்கு மேல ஓடாமல் கிடந்ததுதானே.”

பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேநீர் குடித்தேன். சிறுவாணித் தண்ணீரில் போட்ட காப்பி குடித்து வளர்ந்த நாக்குக்கு இந்தத் தண்ணீர் கரித்தது. அதைச் சொல்லாமல் விழுங்கினேன்.

பாதி கட்டிய வீட்டு அத்திவாரத்துக்குப் பக்கத்தில், தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது அது. மூன்று சிலிண்டர், ஆறு பிஸ்டன். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் லாரிகளுக்காகச் செய்த வகை. அதன் மேல் கை வைத்தபோது என் கண் கலங்கியது. வெட்கமாகத்தான் இருந்தது.

“எல்லாரும் தாட்டவை,” என்றார் திலகவதி. தாட்டவை என்றால் புதைத்தார்கள் என்று அர்த்தம். போர் நெருங்கி, ஊரை விட்டு ஓட வேண்டி வந்தபோது, தூக்கிப்போக முடியாததை எல்லாம் வீட்டு வளவுக்குள் குழி வெட்டிப் புதைத்துவிட்டுப் போனார்களாம். “சிலபேர் தையல் மெசின், சிலபேர் மோட்டச்சைக்கிள். துருப்பிடிக்காமல் ஓயிலை ஊத்தி ஊத்தி, பொலித்தீனால சுத்தித் தாட்டு விடுறது. நாங்கள் இதைத் தாட்டனாங்கள். இவர் மூண்டு நாள் கிடங்கு வெட்டினவர்.”

கிடங்கு என்றது குழியை, இவர் என்றது கணவர் இராசநாயகத்தை. லாரி ஓட்டினவர். லாரி குண்டில் எரிந்த பிறகு எஞ்சினை மட்டும் கழற்றி, வயலுக்குத் தண்ணீர் இறைக்க வைத்திருந்தார். கடைசி மாதங்களில், முல்லைத்தீவுக் கரையில், குடிக்கத் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று வாளியோடு போனவர் திரும்பவில்லை. செத்ததைப் பார்த்தவரும் இல்லை, உயிரோடு பார்த்தவரும் இல்லை.

“கிடங்கை மூடேக்க ரெண்டு கதை சொன்னவர். ‘நான் வந்து எடுப்பன்’ எண்டார். ‘எப்ப எடுத்தாலும் ஓடும்’ எண்டார். நாங்கள் முகாமில இருந்து திரும்பி வந்து பாத்தா, வீட்டுக்குக் கூரை இல்லை, கிடங்கு மட்டும் அப்பிடியே கிடக்கு. நான் ஒருத்தரையும் தொடவிடேல்லை. இப்ப மகளுக்கு வீடு கட்ட வெட்டினதில அலவாங்கு முட்டிப்போட்டுது.”

அலவாங்கு என்று அவர் சொன்னது கடப்பாரையை. “ஓட வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்டேன்.

“ஒண்டும் செய்யேல்லை. ரெண்டாவது கதை சரியெண்டா, முதலாவதும் சரியா இருக்கலாம்தானே.”

குகன் வேறு பக்கம் பார்த்தார். பொம்மைக் கடைக்கு வருகிறவனைப் போல வந்திருந்தேன். அந்த அம்மா அந்த இரும்பில் ஒரு மனிதனின் உயிரைக் கட்டி வைத்திருந்தார்.

மறுநாள் காலை சிவப்பரிசிப் புட்டும் சம்பலும் தின்றுவிட்டு வேலையில் இறங்கினோம். எஞ்சினோடு சேர்த்து ஒரு பலகையும் பொலித்தீனில் சுற்றப்பட்டிருந்தது. ஒரு சாண் அகலம், ஒரு சாண் நீளம். ஒரு முகத்தில் லாரி டியூப் ரப்பரை வெட்டி ஆணியடித்திருந்தது, மறுமுகம் முழுக்க மண்ணும் கிரீசும். எஞ்சின் அசையாமலிருக்க முட்டுக்கொடுத்தது போலும் என்று நினைத்து, ரப்பர் முகம் மேலே தெரியத் தரையில் போட்டேன். ஸ்பேனரும் தேநீர்க் கோப்பையும் வைக்க வசதியாக இருந்தது.

முன்பக்கம் காற்றை உள்ளே தள்ளுகிற ஊதியைக் கையால் சுற்றினேன். வெண்ணெயில் விரல் விட்டதுபோலச் சுற்றியது. இராசநாயகம் காற்று வாய் வழியாக ஓயிலைப் படிக்கணக்கில் ஊற்றியிருக்கிறார். “உங்கள் வீட்டுக்காரர் கெட்டிக்காரர்” என்று திலகவதியிடம் மனசாரப் புகழ்ந்தேன். இந்த வரியை எழுதும்போது என் காது சுடுகிறது.

மதியம் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை. கேட்க ஆள் கிடைத்தால் நான் சும்மா இருப்பேனா? ஆரம்பித்துவிட்டேன். ஒரு ஜெர்மன் பேராசிரியர் இதை வளர்த்தெடுத்து விமானத்தில் ஏற்றிய கதை. எடை குறைவு, டீசலும் மிச்சம். ஆனால் சண்டையில் சட்டென்று வேகம் கூட்டச் சொன்னால் திணறும். அமெரிக்கர்கள் நீர்மூழ்கிக் கப்பலில் வைத்தார்கள். கப்பலுக்குச் சரியாக இருந்தது, ரயிலில் வைத்தால் பழுது பார்க்கிறவன் அழுதான். கீழ்ப் பிஸ்டனைத் தொட வேண்டுமென்றால் மேலே இருக்கிற அத்தனையையும் கழற்ற வேண்டும். ஆங்கிலேயர்கள் முக்கோணமாக மடக்கிப் பதினெட்டு சிலிண்டரில் முப்பத்தாறு பிஸ்டன் போட்டார்கள். அதன் சத்தம் கேட்கவே ரயிலடியில் கூட்டம் நின்றதாம். அவர்களே ஒரு டாங்கியில், எந்த எண்ணெயைக் கொடுத்தாலும் குடிக்கும் என்று சொல்லி இதை வைத்தார்கள். எண்ணெயைக் குடித்தது. டாங்கி வழியில் நின்றது.

“அப்ப ஏன் எல்லாரும் திருப்பித் திருப்பிச் செய்தவை?” என்று குகன் கேட்டார்.

தாளில் அழகாக இருப்பதால்தான் என்றேன். புகை போகிற பக்கத்துப் பிஸ்டனுக்கு இளைப்பாறுதலே கிடையாது. குளிர்ந்த காற்று எதிர்ப் பக்கம் வருகிறது, இதற்கு எப்போதும் நெருப்பு. என் தொழிலான ரிங், ஒவ்வொரு ஓட்டத்திலும் துவாரத்தின் விளிம்பில் உரசி, ஒருநாள் உடையும். சுவரில் பூசிய ஓயில் துவாரம் வழியாக வெளியே போய்க் கரியாக அடைக்கும். இரண்டு பக்கப் பிஸ்டனையும் ஒன்றுசேர்க்க, ஒன்று பல்சக்கர வரிசை வேண்டும், இல்லாவிட்டால் இந்த லாரி எஞ்சினில் இருப்பதுபோல இரண்டு பக்கமும் கிணற்று ஏற்றம் மாதிரி ஆடுகிற நெம்புகோல் வேண்டும். புகைச் சட்டங்கள் இறுகியதும் சாலையிலிருந்து ஒழிந்தே போனது.

“எல்லாவற்றையும் விட ஒரு கெட்ட குணம் உண்டு,” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். “காற்றோடு ஓயில் கலந்துவிட்டால் அதையே குடித்து ஓடும். டீசலை நிறுத்தினாலும் நிற்காது. வேகம் ஏறி ஏறித் தானே உடையும். காற்றை அடைத்தால்தான் உண்டு.”

“ஓம், தெரியும்!” என்றார் திலகவதி. “ஒருக்காப் பரந்தன் சந்தியில அப்பிடிக் கத்தினது. நான் முன்சீற்றில இருக்கிறன். இவர் குதிச்சு இறங்கி, உடுத்திருந்த சாரத்தைக் கழட்டி அதின்ர வாயில அடைச்சவர். சந்தியில நிண்ட சனமெல்லாம் சிரிச்சது.”

சாரம் என்றால் லுங்கி. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பல்லெல்லாம் தெரிய, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்த அந்த மனிதன்தான் சற்று முன்பு ஊதி நிறைய ஓயிலைப் பார்த்து மெச்சியவன். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது என்னைப் பார்த்துத்தான் சொன்னது.

மூன்றாம் நாள் ஸ்டார்ட்டர் மோட்டார் தேடிக் குகனோடு முல்லைத்தீவுக்குப் போனேன். வழியில் மோட்டார் சைக்கிளின் சங்கிலி இரண்டு முறை அறுந்தது. போரின் கடைசி நாட்களில் சனம் நடந்து கடந்த வட்டுவாகல் பாலத்தில் குகன் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார்.

கடற்கரையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற சூசைதாசன் என்பவர், அந்தோனியார் படத்துக்குக் கீழே கிடந்த இரும்புக் குவியலில் இருந்து எங்களுக்கு ஒன்றைத் தேடி எடுத்தார். எஞ்சின் எப்படிப்பட்டது என்று விசாரித்துக் கேட்டுக்கொண்டார். “ரெண்டு ஸ்ட்ரோக்குக்கு ஓயில்தான் உயிர், ஓயில்தான் எமனும். கவனமாச் செய்யுங்கோ” என்றார். பிஸ்டன் ரிங் வார்க்கிறவனுக்கே பாடமா என்று மனதுக்குள் எரிச்சல் வந்தது. அவர் வீட்டில் கொடுத்த பாண் ரொட்டியும் சூடைமீன் பொரியலும் அதை ஆற்றிவிட்டன.

திரும்பும்போது குகன் வற்றாப்பளை வழியாகச் சுற்றி, கண்ணகி அம்மன் கோயில் முன்னால் வண்டியை நிறுத்தினார். “அக்கான்ர நேத்திக்கடன். இந்தப் பக்கம் வந்தால் கும்பிடாமல் போகக் கூடாது.” கும்பிட்டுவிட்டு வந்து, ஹாண்டிலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். “ஐயாவுக்குத் திவசம் குடுக்கிறம், அம்மாவுக்குக் குடுக்கிறம். அத்தானுக்கு மட்டும் இல்லை. செத்த நாள் தெரிஞ்சாத்தானே திதி பாக்கலாம்? தெரியாட்டிலும் ஒரு நாளை எடுத்துச் செய்யலாம் எண்டு ஐயர் சொன்னவர். அக்கா அந்தக் கதையை எடுக்கவே விடமாட்டா. எடுத்தா ரெண்டு நாள் சாப்பிடமாட்டா.”

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு எல்லாம் தயார். புது டீசல், புது பேட்டரி. சிலிண்டருக்குள் தேங்கிய ஓயிலை வடித்துவிட்டேன், சம்ப் ஓயிலை மாற்றிவிட்டேன். ஊதிக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற காற்றுப் பெட்டியைத் திறக்கவில்லை. அதன் அடியில் வடிதுளை உண்டு, படத்தில் நூறு முறை பார்த்திருக்கிறேன். திறக்கவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

திலகவதி குளித்து, நல்ல சேலை உடுத்து, வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாமி படத்துக்கு வைத்த பூவில் ஒன்றை எஞ்சின் மேலும் வைத்திருந்தார்.

முதல் சுற்றில் வெள்ளைப் புகை. இரண்டாவது சுற்றில் ஒரு இருமல். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. கதவை யாரோ அவசரமாகத் தட்டுகிற மாதிரி, டக்டக்டக்கென்று, புத்தகங்களில் எழுதியிருந்த அதே தட்டல். திலகவதி எழுந்து நின்று வாயில் கையை வைத்துக்கொண்டார். “இதுதான். இதே சத்தம்தான். ஓடுது தம்பி, ஓடுது!” அந்த ஒரு நிமிடத்தில் நான் உலகத்திலேயே சந்தோஷமான மனிதன்.

பிறகு சத்தம் ஏறியது. நான் ஏற்றவில்லை, தானாக ஏறியது. டீசலை நிறுத்தினேன். இன்னும் ஏறியது. டீசல் குழாயையே பிடுங்கினேன். தட்டல் போய் அலறலாகிவிட்டது. பதினைந்து வருடமாகக் காற்றுப் பெட்டியில் உறங்கிய ஓயில் அத்தனையும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. வளவெல்லாம் நீலப்புகை. எஞ்சின் அதைத் தாங்கிய மரக்கட்டையிலிருந்து துள்ளியது. “ஓடுங்கோ, வெடிக்கப்போகுது!” என்று குகன் கத்தினார். நான் ஓடினேன். அதைப் பற்றி இத்தனை படித்தவன், வேப்பமரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்தேன்.

திலகவதி ஓடவில்லை. அவர் சுற்றிலும் எதையோ தேடினார். தரையில் கிடந்த பலகையைத் தூக்கி, ஸ்பேனர்களை உதறிவிட்டு, ரப்பர் முகத்தைக் காற்று வாயில் ஓங்கி அறைந்தார். எஞ்சின் பலகையைச் சப்பென்று இழுத்துக்கொண்டது. அவர் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். அலறல் தேய்ந்து, இரண்டு முறை விக்கி, நின்றது.

கொஞ்ச நேரம் எனக்குக் காது கேட்கவில்லை.

கிட்டப் போய்ப் பார்த்தேன். பலகை காற்று வாய்க்கு அளவெடுத்து வெட்டியது. ரப்பரில் வாயின் வட்டத்துக்கு ஒரு பள்ளம்கூடச் செதுக்கியிருந்தது. மூன்று நாளாக நான் தேநீர்க் கோப்பை வைத்த பலகை. “முட்டுப்பலகை என்று நினைத்தேன் அம்மா,” என்றேன். அவர் நான் சொன்னதைக் கேட்கவில்லை. பலகையிலிருந்து கையை எடுத்து, உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு பலகையின் மர முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். மண்ணும் கிரீசும் வழிந்து போக, அடியில் உளியால் வெட்டிய எழுத்துகள் இருந்தன. பெரிய, கோணல்மாணலான எழுத்துகள்.

குகன் குனிந்து வாசித்தார். “நிக்காட்டி இதால வாயை மூடு. பயப்பிடாதை.”

திலகவதி அந்தக் கடைசிச் சொல்லை விரலால் தடவினார்.

“எனக்குத்தான் எழுதியிருக்கிறார்,” என்றார். “வேற ஆருக்கு இப்பிடி எழுதுவார்?”

“ஓம் அக்கா.”

“தான் வந்து எடுக்கிறதெண்டா இது என்னத்துக்கு? அவருக்குச் சாரமே போதும்.” குரல் உடையவில்லை. வெய்யிலில் காயப்போட்ட நெல்லைப் பற்றிப் பேசுகிறவரைப் போலவே சொன்னார். “கிடங்கு வெட்டேக்கையே தெரிஞ்சிருக்கு. என்னட்டைச் சொல்லேல்லை.”

எஞ்சினுக்குள் என்ன உடைந்தது என்று நான் திறந்து பார்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள் என்று ஏதோ உளறினேன். “ஓடினதுதானே அண்ணை. அவர் சொன்ன மாதிரி ஓடினது” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்தது.

பலகையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். புகை கலைந்து, அக்கம்பக்கத்தவர்கள் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு தலையை நிமிர்த்தாமலே தம்பியைக் கூப்பிட்டார்.

“குகன், உள்ளுக்குக் கலண்டர் தொங்குது. இண்டைக்கு என்ன திதி எண்டு பார்.”

குகன் அசையாமல் நின்றார். அக்கா திரும்பவும் சொன்ன பிறகுதான் உள்ளே போனார். நாங்கள் இருவரும் காத்திருந்தோம். எஞ்சின் ஆறுகிற சத்தம் டிக் டிக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது.

“அபரபக்கத் தசமி, அக்கா,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தேய்பிறையின் பத்தாம் திதி.

“அந்தத் தாளைக் கிழிக்காதை,” என்றார் திலகவதி. “அப்பிடியே வைச்சிரு.”